கால்மணி நேரம் இளையது

காக்கி புக்கிட் கட்டடமொன்றின் ஆறாம் மாடியில்
இரண்டு பீட்சாப் பெட்டி உயரத்தில் ஒரு கருவி.
அதற்குள் உறங்குகிறது
பெடோக் டயாலிசிஸ் நிலையத்தின்
இன்னொரு சர்வர்.

கால்மணிக்கொரு தரம்
மாறியதை மட்டும் அதற்கு ஊட்டுகிறோம்:
யார் வந்தார், எந்த நாற்காலி,
எத்தனை கிலோவோடு ஏறினார்,
எத்தனை கிலோ இழந்து இறங்கினார்.
உறக்கத்திலேயே விழுங்கிக்கொள்ளும்.
கண் திறப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
எழுப்பிப் பார்க்கச் சொல்கிறது ஒப்பந்தம்.
வெளியே போகும் வழியையெல்லாம் அடைத்துவிட்டு
நள்ளிரவுக்குப் பின் எழுப்புவேன்.
எழுந்ததும்
தன்னைத்தான் அசல் என்று நம்பும்.
அதே பெயர், அதே முகவரி,
அதே கடவுச்சொல்லுக்குத் திறக்கும்.
கடிகாரத்தைப் பார்த்துவிட்டு
உடனே வேலையைத் தொடங்கும்:
'திரு. ஓங், நாளை மதியம் மூன்று மணி, நாற்காலி நான்கு.'
வாசலில்லாத அறைக்குள்
தபால்பெட்டியைத் தேடும்.
காத்திருப்பில், என்று குறித்துக்கொண்டு
மறுபடி அனுப்பும்.
மறுபடி.

திரையைப் படம் பிடித்து
'வெற்றி' என்ற கட்டத்தில் குறியிட்டு
அணைத்துவிடுவேன்.
விழித்திருந்தபோது கண்டதெல்லாம் அழிந்துபோகும்.
அடுத்த முறையும் அதற்கு முதல் முறைதான்.

பாவமாக இல்லையா என்று கேட்டாள் சியூ பெங்,
கோப்பிப் பையை மேசை முனையில் மாட்டியபடி.
இல்லை என்றேன்.
ஆனால் அணைக்கும் முன்
அந்தக் குறுஞ்செய்தியை ஒருமுறை வாசிப்பேன்,
யாராவது வாசித்ததாக இருக்கட்டுமென்று.
இதை அவளிடம் சொல்லவில்லை.

பேரிடர் மீட்புத் திட்டமென்று
நாற்பது பக்கம் எழுதியிருந்தோம்.
தீ, வெள்ளம், மின்தடை, பணயம் கேட்கும் கிருமி.
வந்த பேரிடர்
ஒரு வாளிக்குள் அடங்கியது.
நவம்பர், வெயில் மதியம்.
பெடோக்கில் சர்வர் அலமாரிக்கு நேர் மேலே
குளிர்சாதனக் குழாய் வியர்த்து வியர்த்து
மூன்று மணி ஐந்துக்குப் பொறுமை இழந்தது.

இம்முறை வழிகளைத் திறந்துவைத்து எழுப்பினேன்.
நான்கு நிமிடம் இருபது நொடி.
பதினொரு பேர் நாற்காலிகளில்,
குழாய்களில் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்க
யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
ஒருவர் மட்டும்
தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டச் சொன்னாராம்.

அதன் நினைவோ
இரண்டு ஐம்பத்திரண்டோடு முடிந்திருந்தது.
அதன்பின் நடந்தது எதுவும்
அதற்கு நடக்கவேயில்லை.
திரு. ஓங் செருப்பைக் கழற்றித்
தராசில் ஏறியதும் இல்லை.
நாற்காலி நான்கு காலி என்றது,
அவர் அதில் கால்நீட்டிப் படுத்திருக்க.

தாதி நூர்ஹயாத்தியை அழைத்து
பதின்மூன்று நிமிடம் தொலைந்துவிட்டது என்றேன்,
அடுத்தவர் குடையைத் தொலைத்தவள் போல.
அவர் சிரித்தார்.
கையுறைப் பெட்டியின் ஓரத்தில்
நீலப் பேனாவில் இருக்கிறதாம்:
ஓங், அறுபத்தொன்று புள்ளி நான்கு.
எல்லார் எடையும் எழுதுவாராம்,
வேலையில் சேர்ந்த நாளிலிருந்து.
எங்கள் திட்டத்தின் நாற்பது பக்கத்தில்
அந்த அட்டை எங்குமில்லை.
அறிக்கையில் சேர்க்க அனுப்புங்கள் என்றேன்.
வைத்திருப்பதில்லை,
பெட்டி தீர்ந்தால் எறிந்துவிடுவோம் என்றார்.

ஐந்து நாள் அது அசலாக இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை, நிலையம் பூட்டியிருக்கும்போது
புது சர்வர் வந்தது, உறை வாசம் போகாமல்.
அந்த ஐந்து நாளையும் வாங்கி
இதில் ஊற்றினேன்.
ஒரு கிலோகூடக் குறையவில்லை.

அணைக்க வேண்டிய நேரம்.
வழக்கம்போல் கடைசி வரியைப் படித்தேன்.
திரு. ஓங், நாளை மதியம் மூன்று மணி.
பக்கத்தில்,
இதுவரை அந்தக் கட்டத்தில் நான் பார்த்திராத சொல்:
அனுப்பப்பட்டது.

சியூ பெங்கைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று நினைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை. அவள் வரமாட்டாள்.