கடைசியாக வாசிக்க முடிவது

பதில் இல்லை என்பதற்கு
எங்கள் மையத்தில் எண் தொண்ணூற்றொன்பது.
தெரியாது என்றால் தொண்ணூற்றெட்டு.
சொல்ல விருப்பமில்லை, தொண்ணூற்றேழு.
மூன்றுக்கும் நடுவே மயிரிழைதான்.
அந்த மயிரிழையைப் பிளந்துதான்
பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன்.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடி,
வட்டார ஆய்வு மையம்.
லாட்வியாவின் கிழக்கு மூலை.
ஜன்னலுக்குக் கீழே டிராம்,
அதற்கப்பால் பாதி உறைந்த டௌகாவா.
ஹீட்டர் மேல் காயும் கையுறைகள் மாணவர்களுடையவை.
அவர்கள்தான் சேற்றில் பஸ் இறங்கி,
நாய்க்குப் பயந்து வேலிக்கு வெளியே நின்று
கேட்டு வருகிறார்கள்.
நான் கேட்பதில்லை. எண் போடுகிறேன்.

கேள்வி ஏழு: வீட்டில் பேசும் மொழி எது?
ஒன்றை மட்டும் வட்டமிடுக.
யார் கேட்கிறார்கள்?
"மாட்டோடு லாட்கலியன், வங்கியில் லாட்வியன்,
விரலில் சுத்தியல் விழுந்தால் ரஷ்யன்"
என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார் ஒரு தச்சர்.
"பூனையிடம் போலிஷ். அது பதில் சொல்வதில்லை."
பூனைக்கும் தொண்ணூற்றொன்பது போடலாமா என்றேன்.
விடோல்ட்ஸ் சிரிக்கவில்லை.
மையத்தின் தலைவர் அவர்;
அறிக்கை எங்கே என்று ரீகாவிலிருந்து
தினமும் ஃபோன் வருகிற மனிதர்.

'பிற' என்ற கட்டம் மட்டும்
வீங்கிக்கொண்டே போகிறது.
என் கணக்கில் இந்த வட்டாரமே
பிற.

நேற்று, நான்கு மணிக்கே இருட்டு,
நானூற்றுப் பதினேழாம் படிவம்.
பெண். ஐம்பத்திரண்டு. ஓஸ்கல்னி கிராமம்.
பேட்டி வேண்டாம், நானே நிரப்பித் தருகிறேன் என்றாளாம்.
பெயர் கேட்கக் கூடாது என்பது விதி.
விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் எழுத்துகளின் வால்
கீழ்வரியின் தலையில் போய் இடிக்கிறது.
பள்ளியில் அதற்காக முட்டி மேல் அடி வாங்கியவள்
இன்னும் திருந்தவில்லை.
அந்த வாலை அப்படியே இழுத்து
அவளுடைய வீட்டுப்பாடத்தை நான் எழுதியிருக்கிறேன்,
இரண்டு ஆப்பிளுக்கு.

கெனொவெஃபா.
பதினொரு வருடம்.
நான்கு ஹெக்டேர் பிர்ச் மரம்,
நோட்டரி மேஜையில் ஒரு கையெழுத்து.
அதற்கு மேல் அதைப்பற்றி
தொண்ணூற்றேழு.

கேள்வி இருபத்து மூன்று:
இந்த வட்டாரத்தில் உங்கள் நெருங்கிய உறவினர்
எத்தனை பேர்?
பூஜ்யம் எழுதி, அடித்து,
ஒன்று எழுதி, அதையும் அடித்து,
அதன் மேலேயே என்னவோ எழுதப் போய்
பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

திருத்தல் இருந்தால்
கடைசியாக வாசிக்க முடிவதை எடுத்துக்கொள்க.
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன்.
கிழிசல் வழியாக விளக்குதான் தெரிந்தது.

சந்தேகமிருந்தால் இரண்டாம் ஆளிடம் காட்டுக.
இலோனாவிடம் காட்டினேன், யாருடையது என்று சொல்லாமல்.
கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தபடியே
"தொண்ணூற்றொன்பது போடு, மணி ஆறாகிறது" என்றாள்.
போடுகிறேன் என்றேன்.
போடவில்லை.

கடைசிப் பக்கத்தில் நான்கு வரி இடம் விட்டிருப்போம்:
மையத்துக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?
பெரும்பாலும் சாலையைப் பற்றி எழுதுவார்கள்,
அல்லது மூடிய தபால் நிலையம் பற்றி.
அவள் எழுதியிருந்தது:
"இருபத்து மூன்றைக் கேட்க
மாணவனை அனுப்பாதீர்கள்."

குறிப்புகளுக்கு எண் கிடையாது.
பிழை திருத்தாமல் அப்படியே அடிக்க வேண்டும்.
அடித்தேன்.
'மாணவன்' என்பதில் ஒரு எழுத்து குறைவு.
அதையும் குறைவாகவே அடித்தேன்.

இருபத்து மூன்றின் கட்டம் இன்னும் காலி.
காலியை இந்த மென்பொருள் ஏற்காது,
சிவப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஓஸ்கல்னிக்குச் சனிக்கிழமை ஏழு பத்துக்கு ஒரு பஸ்.
பயணச் செலவுச் சீட்டுகளை நான்தான் சரிபார்க்கிறேன்,
அதனால் தெரியும்:
போக ஒரு யூரோ எண்பது.
திரும்பி வர ஓட்டுநரிடம் சில்லறை இருக்காது என்று
மாணவர்கள் எல்லோருமே
ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்.