லு மான்

கசெற்றின் முதுகில் நீல மையில்
‘லு மான்’ என்று எழுதியிருந்தது.
பாரிசில் கோப்பை கழுவும் குணநாயகியின் மகன் அனுப்பியது.
வவுனியாவால் புளிப்பொதிக்குள் வந்தது.
மான் படம் என்று நினைத்து
சின்னனுகள் முன்சாக்கில் இடம்பிடித்துக் குந்தின.
மல்லாவி. தொண்ணூற்றேழு ஆனி.
பரந்தனாலும் கிளிநொச்சியாலும் வந்து
ஒரு வளவுக்குள் ஒன்பது குடும்பம்.

படம் காட்டுவது என் வேலை.
டெக் என்னுடையது, ரீவி சங்கக்கடை மனேச்சருடையது,
ஜெனரேற்றர் நேசராசாவுடையது.
மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கிய மிசின்.
சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்கு
நாலு சொட்டுப் பெற்றோல் காட்டினால்தான்
இருமி இருமி எழும்பும்.
ஒரு போத்தலுக்கு ஒரு மூட்டை நெல் கேட்ட காலம்.
அந்த நாலு சொட்டை அவன்
கண்ணுக்கு மருந்து விடுகிறவன் மாதிரி விடுவான்.

மான் வரவில்லை.
ஒரு தெரு வந்தது.
ஒரு கரையில் கார்கள், மறுகரையில் ஆட்கள்.
கொடி விழ, எல்லாரும் குறுக்கே ஓடினார்கள்.
‘பொம்பர் வருதோ?’ என்றான் ஒரு பெடியன்.
யாரும் சிரிக்கவில்லை.
அவர்கள் ஓடிப்போய் ஏறினார்கள்.
எங்களுக்கு ஓடிப்போய் இறங்கித்தான் பழக்கம்.

படம் பிரெஞ்சில் கதைத்தது.
எனக்குத் தெரிந்த பிரெஞ்சு
கசெற்றில் இருந்த அந்த இரண்டு சொல்தான்.
ஆனாலும் விளங்கப்படுத்தினேன்:
இருபத்திநாலு மணித்தியாலம் விடாமல் ஓடவேணும்.
நீலக் கார் துணுக்காய், சிவப்பு ஒட்டுசுட்டான்,
கதவு ஆடுகிற பதினோராம் இலக்கம் அக்கராயன்.
கச்சான் சுருளை வைத்துப் பந்தயம் கட்டினார்கள்.

ஒரு கார் உருண்டு எரிந்தது.
‘ப்ச்’ என்றார்கள், அவ்வளவுதான்.
எரிவது அங்கே ஒருவருக்கும் புதினமில்லை.
பிறகு நீலக் கார் எண்ணெய் அடிக்க வந்து நின்றது.
தடித்த குழாய்.
வெள்ளை உடுப்புக்காரன் அவசரத்தில் இழுக்க
பெற்றோல் வழிந்தது,
காரின் முதுகால், சில்லால், சீமெந்தால்.
ஒரு வாளி இருக்கும்.
ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை.

ஐயோ!
முழுச் சனமும் எழும்பிவிட்டது.
‘பிடியடா, பிடியடா’ என்று கத்தினாள்
அம்புலன்சுக்கு எண்ணெய் இரந்து திரியும் மிசி யோகமலர்.
நேசராசா ரீவிக்கு முன்னால் போய்
சூப்பிப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றான்.
பகிடிக்குத்தான்.
கை நடுங்கியதை நான் கண்டேன்.
‘றிவைன்ட் பண்ணு’ என்றார்கள்.
மூன்று தரம் சிந்தவைத்தேன்.

அதனால்தான் முடிவு தெரியாமல் போனது.
படத்தில் விடியப்புறம், மழை,
கார் இல்லை, லைற்றுகள் மட்டும் ஓடின.
ஜெனரேற்றர் ஒருக்கால் விக்கி நின்றது.
இருட்டுக்குள் நானே ஒருவனை வெல்லவைத்தேன்.
‘அக்கராயன்’ என்றேன்.
ஒருவரும் நம்பவில்லை.

கசெற் மாத்தளன் வரை வந்தது.
நேசராசா ஆனந்தபுரம் வரை.

அந்த ஓட்டத்தைப் பிறகு எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன்.
கிளிநொச்சியில் ரீவி விற்கிற கடையில்,
பாதியை விலைச்சீட்டு மறைக்க.
மகள் பார்க்கும் கார்ட்டூனில்
கார்களுக்குக் கண் முளைத்திருக்கும்,
சென்னைத் தமிழில் சண்டை பிடிக்கும்.
கைக்கடிகார விளம்பரம் ஒன்றில் அரை விநாடி.
எதிலும் சிந்தவில்லை.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு. அதே ஆனி.
மாங்குளம் பெற்றோல் செட்டில் தொடங்கிய வரிசை
ஏ-ஒன்பது வழியே பனிக்கன்குளம் பக்கமாய் நீண்டு கிடந்தது.
முன்னால் நின்ற ஓட்டோக்காரனின் போனில்
நேரலையாக அதே ஓட்டம்.
‘இருபத்திநாலு மணித்தியாலமாம் அண்ணை.
எங்களுக்கு முப்பத்தொண்டாச்சு.’
இப்போது குழாய் பூட்டுப் போட்டதுபோல் பொருந்துகிறது.
எடுக்கும்போது ஒரு சொட்டும் விழுவதில்லை.

‘ஆர் முன்னுக்கு?’ என்று கேட்டுவைத்தேன்.
அவன் ஏதோ பெயர் சொன்னான்.
காதில் விழவில்லை.
அடுத்ததாக எந்தக் கார் எண்ணெய் அடிக்க வரும் என்று
பார்த்துக்கொண்டு நின்றேன்.