குட்டைக் கோடு

மேற்குப் பார்த்த வீடு. மார்சிலிங்கில் பன்னிரண்டாம் மாடி.
நாலு மணிக்கு வெயில்
செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரும்,
சோபாவில் உட்காரும்,
ஏழு மணி வரை எழுந்திருக்காது.

அதை வெளியேற்றத்தான்
போன வருஷம் ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் படலம் ஒட்டினோம்.
ஒட்ட வந்த ஆ லியோங்கிடம்
ஒரு ஸ்ப்ரே பாட்டில், ஒரு ரப்பர் தகடு,
ஐந்து வருஷ கேரண்டி.
"குமிழியே வராது லா, அங்கிள்."
மூன்றாவது ஜன்னலில் ஒரு குமிழி இருக்கிறது,
ஐந்து காசு அகலம்.
போகும்போதும் வரும்போதும்
கட்டைவிரலால் தள்ளிப் பார்க்கிறேன்.
இடம் மாறுகிறது, போவதில்லை.

மங்கை நோட்டுப் போட்டாள்.
கவினின் உயர்நிலை மூன்று கணக்கு நோட்டு,
பின்பக்கத்திலிருந்து.
எல்இடி விளக்கு பதினொன்று: நாற்பத்தாறு வெள்ளி எண்பது காசு.
குழாய்த் தலை மூன்று: ஆறு வெள்ளி.
நாலு டிக் ஃப்ரிட்ஜ், பற்றுச்சீட்டு போக: அறுநூற்று எழுபது.
படலம்: (இங்கே பேனா அழுத்தி) நானூற்றுப் பத்து.
அடியில் சிவப்பு மையில்
'திரும்பி வரவேண்டியது' என்றெழுதி
இரண்டு கோடு இழுத்தாள்,
கைமாத்து வாங்கிய மச்சானை எழுதுவது போல.

பிறகு வீட்டில் சட்டங்கள் வந்தன.
ஏர்கான் இருபத்தைந்துக்குக் கீழே போகக்கூடாது.
அது சொட்டும் தண்ணீர்
வாளியில் விழுந்து கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போகவேண்டும்.
செடிக்கு அது பிடித்துவிட்டது.
எதிர்வீட்டு நோர்லைலா அக்கா
வாரம் ஒரு கொத்து ஒடிக்கிறார்,
பதிலுக்கு பாண்டான் இலை தருகிறார்.
அதற்கு நோட்டில் பத்தி இல்லை.

மாதாமாதம் கைபேசியில் பில் வரும்.
இரண்டு கோடுகள்: எங்கள் வீடு, அக்கம்பக்கம்.
எங்கள் கோடுதான் எப்போதும் நெட்டை.
ஏப்ரலில் ஏழு வெள்ளி குறைந்தது.
மே மாதம் பதினொன்று.
ஜூன் வெக்கையில் மூன்றே மூன்று.
மங்கை ஜூனோடு பேசவில்லை.

ஜூலையில் கோடு
மடங்கி உட்கார்ந்துவிட்டது.
முப்பத்தெட்டு வெள்ளி மிச்சம்.
அக்கம்பக்கத்தைவிடக் குட்டை, முதல்முறையாக.
பேனாவைத் திறந்துகொண்டு கேட்டேன்:
"இது விளக்கா, ஃப்ரிட்ஜா, படலமா?"
சட்டி கழுவிக்கொண்டே சொன்னாள்:
"புள்ள தேக்கோங் போயிட்டான்ல."

பதினெட்டு டிகிரியில் போர்வைக்குள் இருந்தவன்.
விடிய விடிய கணினி.
இருபது நிமிடக் குளியல், அதில் பாதி பாட்டு.
"தண்ணி என்ன ஜொகூர்லேருந்து சும்மா வருதா?" என்று
கதவைத் தட்டியது இந்தக் கைதான்.
இப்போது அந்த அறையில்
மீட்டருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.
முப்பத்தெட்டு வெள்ளியை
எந்த வரியில் எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை மூடினேன்.

சனிக்கிழமை வருகிறான் என்று
மங்கை காலை பத்து மணிக்கே
அவன் அறை ஏர்கானைப் போட்டாள்.
எத்தனையில் என்று நான் பார்க்கவில்லை,
கதவிடுக்கில் கால் சில்லிட்டது.
பதினொன்றுக்கு வந்தான்.
மொட்டைத் தலை, காதோரம் கழுவாத பச்சைச் சாயம்,
தோளில் அவனைவிடக் கனமான பை.
நாலே நிமிடத்தில் குளித்துவிட்டு வந்தான்.
பாட்டு இல்லை.
அறைக்குள் போனவன்
"என்னம்மா இது, ஐஸ் பெட்டி மாதிரி" என்று
ஏர்கானை நிறுத்தினான், ஜன்னலைத் திறந்தான்,
மின்விசிறிக்கு அடியில், தலையணைகூட இல்லாமல்
சோறு ஆறும் வரை தூங்கினான்.
நாங்கள் இரண்டு பேரும்
வாசலில் நின்று பார்த்தோம்.
இத்தனை வருஷம் கெஞ்சிக் கேட்டதெல்லாம்
ஒரே மாதத்தில் கிடைத்துவிட்டது.
யாரும் சந்தோஷப்படவில்லை.

ஞாயிறு இரவு அவன் போன பிறகு
நோட்டைப் புரட்டினேன்.
மங்கையின் கையெழுத்து:
'சனி. ஏர்கான், ஒரு மணி நேரம். முப்பது காசு. வீண்.'
கடைசிச் சொல்லை மட்டும்
இரண்டு கோடு போட்டு அடித்திருந்தாள்,
கிட்டத்தட்ட தாள் கிழிகிற அளவுக்கு.