மூன்றாவது மெசின்

கல்முனையில் உவைஸ் காக்காவின் கடைக்குப் பின்னால்
தகரக் கூரைக்குள் மூன்று நின்றன.
ஜப்பானில் யாரோ வெட்டி முடித்த புல்
காய்ந்து, அவற்றின் வயிற்றில் இன்னும் ஒட்டியிருந்தது.

இவர் நேரே சிவப்பிடம் போனார்.
"பதினெட்டுக் குதிரை சேர்" என்றான் கடைப் பொடியன்.
நான் குனிந்து அடிப்பக்கம் பார்த்தேன்.
தகரத்தை விரலால் தட்டினேன், எங்கே கறள், எங்கே பூச்சு.
பெல்ட் வெடித்திருக்கா?
வேறு பெல்ட் இஞ்ச எடுக்கலாமா, கொழும்புக்குச் சொல்லணுமா?
அலகை எவ்வளவு உயரம் தூக்கலாம்?

களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவு
படத்தில் வரும் பச்சைக் கம்பளம் இல்லை.
ஒன்றேகால் ஏக்கர், முப்பத்தொரு தென்னை,
கோரை, நெருஞ்சி, தொட்டாச்சிணுங்கி,
மழைக்கு மழை இடம் மாறும் நண்டு வளை,
யாரோ வீட்டு மாடு போட்டுவிட்டுப் போவது.
மார்கழியில் முழங்கால் மட்டும் வளரும்.
உள்ளே எது நெளியுதென்று
கால் வைத்த பிறகுதான் தெரியும்.

தோளில் மாட்டும் மெசினால்
இவரேதான் வெட்டிக்கொண்டிருந்தார், இந்தத் தை வரைக்கும்.
மறுகா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
'பாரம் தூக்கக் கூடாது' என்று
கிளினிக் கொப்பியில் எழுதி
கீழே கோடும் இழுத்துவிட்டார் டொக்டர்.
கூலிக்கு வந்த பொடியன் இரண்டு தரம் வெட்டினான்.
மூன்றாம் தரம் கட்டாரில் இருந்தான்.

விலையைச் சொல்ல மாட்டேன்.
சீட்டுக் காசு, என் பழைய ஸ்கூட்டி,
ஒரு சோடிக் காப்பு என்று வையுங்கள்.

பச்சையில் நான் ஏறியிருந்து பார்த்தேன்.
சாறியோடு ஏறியதால் பொடியன் மதிலைப் பார்த்தான்.
திறப்பைத் திருக, முதல் திருகலிலேயே பிடித்தது.
நெம்பை இழுக்க அலகும் சுற்றியது.
"இறங்குங்க தங்கச்சி, அது நிக்காது" என்றார் காக்கா.
"சீட்டுக்குக் கீழ ஒரு சுவிட்ச் இரிக்கி.
ஆள் எழும்பினா எஞ்சின் செத்திரும். பெரிய கரச்சல்.
வயர இழுத்து டிரெக்ட் பண்ணிட்டம்."
சிவப்புக்கும் பண்ணியாச்சாம்.

இறங்கினேன்.
ஆளில்லாத சீட் குலுங்கிக் குலுங்கி நின்றது.
கீழே அலகு சுற்றிக்கொண்டேயிருந்தது.

பொங்கலுக்கு நாலாம் நாள்
பதினேழாவது தென்னைக்கும் கிணற்றுக்கும் இடையில்
இவர் விழுந்து கிடந்தார்.
தோளில் கொளுவியபடி மெசின்
ஒள்ளம் தணிந்த சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
வெட்டுகிறார் என்று நினைத்து
நான் மீன் கழுவி, உப்புப் போட்டு,
இன்னொரு தரமும் கழுவினேன்.

"அதுக்கு?" என்று மூன்றாவதைக் கேட்டேன்.
செம்மஞ்சள், சாயம் போனது, பத்தரைக் குதிரை,
முன் டயரில் ஒட்டு.
"அத நேத்துத்தான் இறக்கின. இன்னம் வயர் தொடல்ல.
ஒரு மணித்தியாலம் தாங்க, டிரெக்ட் பண்ணித் தாறன்."
வேணாம் என்றேன்.
இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.
இவர் என்னைப் பார்த்தார்,
மறுகா கிறுகிச் சிவப்பைப் பார்த்தார்.

இப்போது சனிக்கிழமைகளில்
வேரில் ஏறி இவர் உடம்பு கொஞ்சம் எழும்பினாலே
அது நின்றுவிடுகிறது.
காக்காவை ஏசுகிறார். ஜப்பானை ஏசுகிறார்.
என்னை ஏசுவது மட்டும் எனக்குக் கேட்காத தூரத்தில்.
தேங்காய் கிடந்தால் இறங்க வேண்டும்,
மட்டை கிடந்தால் இறங்க வேண்டும்.
ஒவ்வொரு தரமும் சத்தம் அறுகிறது.
ஒவ்வொரு தரமும் அடுப்பைத் தணித்துவிட்டு
பின்வாசலுக்கு வருகிறேன்.
திரும்பிப் பாராமலே கையைத் தூக்கிக் காட்டுவார்:
தேங்காய்.

போன கிழமை பதினான்கு தரம்.
எண்ணியது அவருக்குத் தெரியாது.

மேலதிகமாக ஒரு பெல்ட் வாங்கி
அரிசி வாளிக்கு மேலே ஆணியில் கொளுவியிருக்கிறேன்.
குசினி முழுக்க றப்பர் மணக்கிறது.