காடை ஸ்பெஷல்

குலசேகரம் சந்தைக்குப் பின்னால் எங்கள் கடை.
பலகையில் காடை என்று எழுதியிருக்கும்.
காடை கேட்டால் காடை.
"பெரிய காடை உண்டுமா" என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டால்
ஞானசீலன் முதலாளி என்னைப் பார்ப்பார்.
நான் பின்கட்டுக்குப் போவேன்.

வில்பிரட் விடியுமுன் கொண்டுவருவான்.
பால்வெட்டுக்குப் போடுகிற அதே தலைவிளக்கு,
ரப்பர்ஷீட் வாடை போகாத அதே சாக்கு.
வாழைத்தோட்ட வலையில் சிக்கியவை சில,
ஏர்கன் குண்டு நெஞ்சில் தங்கியவை சில.
குண்டை நான்தான் விரலால் தேடி எடுக்கவேண்டும்,
தின்பவர் பல்லில் படாமல்.

வாவலுக்கு நாய்முகம்.
இறக்கையை விரித்தால் வெட்டுப்பலகை போதாது.
முதலில் அதை நறுக்கித் தள்ளவேண்டும்,
கறி கிடையாது, கறுத்த குடைத்துணி.
தோலும் போனால் மிஞ்சுவது
ஒரு கைப்பிடி நெஞ்சு.
அதற்குத்தான் நானூறு ரூபாய்.

களியக்காவிளையிலிருந்து ஒருவர்
செவ்வாய்தோறும் பார்சல் வாங்குவார்.
"எனக்க பிள்ளைக்கு இளுப்பு.
ஏழு வாரம் தின்னா நின்னுருமாம்."
சட்டைப்பையில் நீலநிற இன்ஹேலர்
துணிக்குள் புடைத்துத் தெரியும்.
எட்டாவது வாரமும் வந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஒரு துண்டு கூடுதலாக வைத்துக் கட்டினேன்.

வனத்துறைக்காரர் ஒருவர் ஒருமுறை சாப்பிட வந்தார்,
நிஜக் காடைதான்.
கை கழுவும்போது சொன்னார்:
சட்டத்தில் முன்பு வாவலுக்கு
எலியோடும் காக்கையோடும் இடமாம்,
இப்போது மேலே ஏற்றிவிட்டார்களாம்.
வருசத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடுமாம்.
மறுநாள் ஞானசீலன் விலையையும் மேலே ஏற்றினார்.
ஐந்நூறு.

எல்லைக்கு அப்பால் நிபா என்று
டிவி அலறிய மாதம்
பெரிய காடையை ஒருவரும் கேட்கவில்லை.
தப்பித்தன என்றுதான் நினைத்தேன்.
அருமனைப் பக்கத்து இலுப்பையடியில்
மூன்று ராத்திரி பட்டாசு வெடித்தார்கள்.
நாலாம் நாள் மரமறுக்கும் மெஷின் வந்தது.
தடி ஏற்றிய லாரி எங்கள் கடைமுன்தான் நின்றது.
டிரைவர் இரண்டு டீ குடித்தான்.
பகல் முழுக்க இடமில்லாமல்
வாவல்கள் வெயிலில் சுற்றியதைச்
சிரித்துக்கொண்டே சொன்னான்.

இப்போது வில்பிரட்டுக்குப்
பேச்சிப்பாறை தாண்டிப் போகவேண்டியிருக்கிறது.
சாக்கு பாதிதான் நிறைகிறது.

பங்குனியில் வந்த ஒரு சாக்கில்
செத்த தாயின் அக்குளில் வாய்வைத்தபடி
கண்திறந்த ஒரு குட்டி.
"அதுக்கு வெயிட்டு இல்ல, கணக்குல சேக்காத."
பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தேன்.
நான் வெங்காயம் அரிந்த நேரமெல்லாம்
என் சேலைத்தலைப்பில் தலைகீழாகத் தொங்கிக்கிடந்தது.
வியாழன் காலையிலும்
பிடியை விட்டிருக்கவில்லை, உயிரைத்தான்.
நகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.
துணியில் பத்துப் பொத்தல்.
அந்தச் சேலையைத்தான் இன்றும் உடுத்தியிருக்கிறேன்,
வேறு நல்லது இல்லை.

குடல் கழுவிய தண்ணீர்
பின்சுவர் ஓடையில் போகும்.
குடலுக்குள் எப்போதும் விதை இருக்கும்,
கடுகைவிடப் பொடியாக.
எந்த மலைக்கென்று சுமந்து புறப்பட்டதோ.
இந்த மழையில் ஓடைச்சுவர் விரிசலில்
ஆல் ஒன்று, நாலு இலை.
பக்கத்தில் இன்னொன்று,
அத்தி மாதிரி இருக்கிறது.

ஞானசீலன் ஆசிட் குப்பி வாங்கிவந்து
படியில் வைத்தார்.
"செவரு வெடிச்சிரும் லீலாபாய், ஊத்திரு."
"ஊத்துதேன்" என்றேன்.
அரிசிச்சாக்குக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

வெளியே பைக் சத்தம்.
வில்பிரட் சாக்கை இறக்குகிறான்,
ஒற்றைக் கையால்.