எண்ணூறு கிராம்

ஒரு கிலோ பாகுக்கு
எண்ணூறு கிராம் பொடி போதும்.
மிச்சமெல்லாம் வெறும் தண்ணி,
தண்ணிக்கா காசு கொடுக்கிறே என்பான் தயாபரன்.
ஜெலுத்தோங்கில் பதினோராவது மாடி.
சன்னலைத் திறந்தால் கடல் உள்ளே வரும்
ஈரமாக, கேட்காமல்.

நான் டின் கட்சி.
சுடுநீரில் அரைமணி நிறுத்தி
மூடியை வெட்டிக் கவிழ்த்தால்
எந்த அவசரமும் இல்லாமல் இறங்கும் மால்ட் பாகு.
ஒட்டியதையும் அலசிப் பானையில் ஊற்றுவேன்.
டின்னைப் பாதியில் நிறுத்த முடியாது.
திறந்தால் திறந்ததுதான்.

அவனுக்குப் பொடிதான்.
வேண்டிய மட்டும் அள்ளலாம்,
கட்டி வைக்கலாம், அப்புறம் பார்க்கலாம்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
ஈரப்பதம் ஏறினால் கத்துகிற அலாரத்துக்குப்
பன்னிரண்டு மணி நேரம் காவல் இருப்பவன்.
ஷிப்டு முடிந்து வரும்போது சட்டைப்பையில்
'தின்னாதே' என்று எழுதிய குட்டிப் பொட்டலங்கள்
நாலைந்து இருக்கும்,
மால்ட் பைக்குள் போட.

போன ஞாயிறு
கொதிக்கிற பானைமேல் பையைச் சாய்த்தான்.
ஆவி பட்டது.
அந்த நேரம் பார்த்து ஈப்போவிலிருந்து அவன் அக்கா.
அப்பா வீட்டை விற்கக் கையெழுத்து வேண்டுமாம்.
நடைபாதையில் நின்று நாற்பது நிமிடம்
ம், சரி, பார்ப்போம்,
ம், பார்ப்போம்.
மழை பிடித்துக்கொண்டது.
பையை மூட எனக்குத் தோன்றவில்லை.
அல்லது தோன்றியது.

வந்து பார்த்தால் பொடி இல்லை,
வெளிர்மஞ்சளில் ஒரு கல்.
கரண்டி அதில் நட்டுக்கொண்டு நின்றது.
இருவரும் இழுத்தோம், வரவில்லை.

சரி என்று என் டின்னை எடுத்தேன்.
அடியில் தேதி, போன வருஷம்.
உள்ளே கிச்சாப் நிறம்,
கிட்டத்தட்ட கிச்சாப் வாசம்.
அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான்.

பொட்டலங்களைத் தோண்டி எடுத்துவிட்டு
கல்லைச் சுத்தியலால் உடைத்தோம்.
கீழ்வீட்டு மேடம் லிம் கூரையைத் தட்டினாள்.
கல்லும் போனது, கிச்சாப்பும் போனது,
ஒரே பானை.
எவ்வளவு என்று யாரும் எழுதி வைக்கவில்லை.
ஆறவைத்து ஈஸ்ட் தூவி
ஐஸ் தண்ணித் தொட்டியில் வாளியை இறக்கும்போது
மணி பதினொன்றரை.

ரெண்டாவது ராத்திரி
தூக்கம் கலைந்து வந்தேன்.
விளக்குப் போடாமல் வாளி பக்கத்தில் உட்கார்ந்து
குமிழிக்கும் குமிழிக்கும் நடுவே எண்ணிக்கொண்டிருந்தான்.
ஏழு, எட்டு. ப்ளக்.

வீடு என்ன ஆச்சு, என்றேன்.

கூரை ஒழுகுதாம், என்றான்.
ஒன்று, இரண்டு, மூன்று.