நாயின் நிறம்

புதுவயலுக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது.
பெட்டியின் ஓரத் தையலிலிருந்து
உதற உதற இன்னும் மணல் வருகிறது.
கொடியில் காயும் அவருடைய பூப்போட்ட சட்டைமேல்
ஆலைக் கரி பறந்துவந்து உட்கார்கிறது.
உமிச்சாம்பலுக்குத் தெரியுமா
அது அந்தமான் சட்டையென்று.

படத்தைக் காட்டு என்று முதலில் வந்தவள் தேனம்மை.
பிறகு எதிர்வீட்டு ஜெசிந்தா.
பிறகு கணக்குப்பிள்ளை வீட்டம்மா,
இரண்டு பிள்ளைகளோடு.
ஐந்து பகல், நான்கு இரவு,
ஆளுக்கு முப்பத்திரண்டாயிரம்,
ஒரு படம்கூட இல்லையென்றால்
யார் நம்புவார்கள்?

நடந்தது இதுதான்.
மூன்றாம் நாள், நீல் தீவு, அடியில் கண்ணாடி பதித்த படகு.
காலுக்குக் கீழே கடல்.
பவளச் சந்துகளில் மஞ்சள் மீன்கள்
சந்தை நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி
இடித்துக்கொள்ளாமல் அவசரப்பட்டன.
'கொஞ்சம் சாய்ந்து உட்காரு,
வெயில் மூஞ்சியில் விழட்டும்'
என்று பின்னே போனார்.
இன்னும் பின்னே போனார்.
முழங்கை விளிம்பில் பட்டது.

ஒரு களுக்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக்குள்ளேயே
அது வந்தது,
திரை மேல்நோக்கி, வெளிச்சம் அணையாமல்,
தான் விழப்போகும் மணலை
எங்களுக்குக் காட்டிக்கொண்டே.
ஒரு மீன் வந்து முகர்ந்தது.
பிறகு இருட்டு.
படகுக்காரர் பிஸ்வாஸ் இந்தியில் ஏதோ சொன்னார்;
சிரிப்பு மட்டும் புரிந்தது.

அறுநூற்றுச் சொச்சம் படம்.
ஜெயில் வாசலில் நான், கப்பல் படியில் நான்,
இளநீரோடு நான்,
எல்லாவற்றிலும் கண்ணைச் சுருக்கியபடி.
இப்போது கடலிடம் இருக்கின்றன.
அது யாரிடம் காட்டுமோ.

சாயங்காலம்வரை அவர்
துட்டி கேட்க வந்தவர்போல் மரத்தடியில் இருந்தார்.
பிறகு எழுந்து, பேண்டை மடித்துவிட்டு
முழங்கால் தண்ணீரில் போய் நின்றார்.
பத்தொன்பது வருஷமாக பாய்லர் முள்ளையே பார்த்த கண்.
நெல் ஊறும் தொட்டியைப் பார்ப்பதுபோலக்
கடலைப் பார்த்தார்.
'எத்தனை மூட்டை பிடிக்கும்?' என்றேன்.
உண்மையிலேயே யோசித்தார்.

அப்போதுதான் அந்த நாய்.
யாரும் ஏவாமல் தனியாகத் தண்ணீரில் இறங்கி
சூரியன் இருந்த பக்கமாக நீந்திப் போனது.
தலை மட்டும் ஒரு தேங்காய்போல.
கரையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் சொன்னோம்.
சொல்லத் தொடங்கியதும்தான் தெரிந்தது,
நாங்கள் இரண்டு வேறு தீவுகளுக்குப் போயிருந்தது.
கடல் கிளிப்பச்சை என்கிறார்.
மயில்கழுத்து என்கிறேன்.
'சேலையில் காட்டுங்கக்கா' என்றாள் ஜெசிந்தா.
பீரோவைத் திறந்தேன்.
அவர் ஒன்றை உருவினார், நான் ஒன்றை.
கட்டில்மேல் இரண்டையும் விரித்தோம்.
தேனம்மை முந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு,
'இது நீ சீமந்தத்துக்கு வந்தப்பக் கட்டினதுல்ல?' என்றாள்.
கடல் அத்தோடு சரி.

நாய் கறுப்பு என்கிறார்.
பழுப்பு.
'நனைஞ்ச நாய் கறுப்பாத்தான் தெரியும்.'
காய்ந்த பிறகும் பார்த்தேனே,
என் சேலையில்தானே உதறியது.
'உன் சேலையிலா? என் சட்டையில்.'

கணக்குப்பிள்ளையின் சின்ன மகன்
இதுவரை வாயே திறக்காதவன் கேட்டான்:
'அப்ப அது திரும்பி வந்துருச்சா?'

வந்தது, என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.

ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.
தூக்குச்சட்டியை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு
அவர் கிளம்பினார்.
நான் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தேன்.
தெருமுனை திரும்பும்போது சைக்கிள் மணி,
பின்னாலேயே சத்தமாக ஒரு குரல்:
'கறுப்பு!'

தெருவே திரும்பிப் பார்த்திருக்கும்.